சில்லு பிழைத்த வீடு

அவர் மைக்கில் ‘காணவில்லை’ என்று சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரத்தில் தகரக் கூரை போட்டு ஓர் அறிவிப்புக் கொட்டகை வைப்பார்கள். நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் எழுத்தராக இருந்த அக்காவை, குரல் நன்றாக இருக்கிறது என்று ஆண்டுதோறும் மூன்று நாள் அங்கே உட்கார வைத்தார்கள். தமிழும் தெலுங்கும் ஒரே மூச்சில் வரும். நான் ஒரு நாளிதழின் திருத்தணிப் பகுதி நிருபர். நெரிசல், நகைத் திருட்டு, மயக்கம் போட்டவர்கள் எல்லாம் முதலில் அந்தக் கொட்டகைக்குத்தான் வந்துசேரும் என்பதால் நானும் மூன்று நாளும் அங்கேயே இருப்பேன்.

தொலைந்த பிள்ளையை யாராவது தூக்கிவந்தால் சட்டை நிறத்தைச் சொல்லி அறிவிப்பது வழக்கம். ஆடிக் கிருத்திகையில் அது உதவாது. அன்றைக்கு மலையிலிருக்கும் பையன்களில் பாதிப் பேர் மொட்டை. மொட்டை முழுக்கச் சந்தனம். உடம்பில் புது மஞ்சள் துணி. ஒரு மொட்டையை இன்னொரு மொட்டையிலிருந்து பிரிக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். பிள்ளையை மடியில் உட்காரவைத்து, காலையிலிருந்து என்னென்ன நடந்தது என்று கேட்பார். பிறகு மைக்கைத் தட்டிவிட்டுச் சொல்வார்: “ரயில்ல வரும்போது மாமா மேல வாந்தி எடுத்த பையன் இங்கதான் இருக்கான். மாமா வந்து கூட்டிகினு போங்க.” சற்று நேரத்தில் சட்டையில் கறையோடு ஒருவர் ஓடிவருவார்.

பிள்ளை வராமல் தாய் மட்டும் அழுதுகொண்டு வந்து நின்றால்தான் சிக்கல். அப்போதும் அவர் ‘காணவில்லை’ என்று சொல்லமாட்டார். ஒருமுறை நகரியிலிருந்து வந்த ஒரு பெண், ஐந்து வயது மகனைக் கூட்டத்தில் விட்டுவிட்டு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் நேராகப் பிள்ளையிடம் பேச ஆரம்பித்தார். “அக்கடே நிலுச்சோ நான்னா. அம்ம ஒஸ்தா உந்தி.” அங்கேயே நில்லு கண்ணு, அம்மா வந்துகொண்டே இருக்கிறாள். கால் மணிக்கு ஒருமுறை இதையே சொன்னார்.

“அக்கா, அந்தம்மா இங்க ஒக்காந்துகினு இருக்காங்க. எங்க வந்துகினு இருக்காங்க?” என்றேன்.

“நான் சொல்றது புள்ளைக்கா, உன் பேப்பருக்கா?” என்றார். பிறகு அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துத் தூக்கினார். “எழுந்து நடம்மா. நீ வந்துகினே இருக்கன்னு அவங்கிட்ட சொல்லிட்டேன். என்ன பொய்க்காரி ஆக்கிடாத.”

சரவணப் பொய்கைக்குப் போகும் வழியில், இரண்டு வளையல் கடைகளுக்கு நடுவில் பையன் நின்றிருந்தான். காவலர் ஒருவர் தூக்கப் பார்த்திருக்கிறார். அம்மா வருகிறாள், இங்கேயே நிற்கச் சொன்னார்கள் என்று வளையல் ஸ்டாண்டைக் கட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றானாம். நடந்துபோன தாய்தான் அவனைக் கண்டுபிடித்தாள்.

மறுநாள் என் பத்திரிகையில் நகைத் திருட்டு நான்கு பத்தி வந்தது. இது வரவில்லை. “கெடைச்ச புள்ள நியூஸ் இல்லையா பேப்பர்காரரே?” என்று கேட்டார். இல்லை என்றேன். உண்மை அதுதான்.

இதனால் அவரைப் பொய் சொல்லும் மனிதர் என்று எண்ணிவிடக் கூடாது. பதிவேட்டில் அவர் எழுதிய ஒரு வரியை யாரும் மாற்ற முடிந்ததில்லை. இறந்த தேதியை இரண்டு நாள் தள்ளிப் போடச் சொல்லி ஒரு பிரமுகரின் மகன்கள் வந்து நின்றபோது நான் எதிரில் இருந்தேன். “செத்த தேதி செத்த தேதிதாங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்தப் பதிவேடுகளில் ஒன்றில் அவருடைய சொந்த மகனின் பெயர் இருக்கிறது. ஏழு வயது, ஆண், காய்ச்சல். வேறு யாராவது எழுதட்டும் என்று அலுவலகத்தில் சொன்னார்களாம். விடுப்பு முடிந்து வந்த முதல் நாள் அவரே எழுதினாராம். எழுத்து மற்ற வரிகளைப் போலவே இருந்தது என்று உடன் வேலை பார்த்த அம்மாள் எனக்குச் சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க வழி இருந்தும் நான் பார்க்காமல் விட்ட ஆவணங்கள் குறைவு. அது அவற்றில் ஒன்று.

அவர் வீட்டின் மேல் போர்ஷனில் நான் ஒன்பது வருடமாக வாடகைக்கு இருக்கிறேன். அவரை அக்கா என்று கூப்பிட்டதால் அவர் கணவர் எனக்குப் பாவா ஆனார். எங்கள் பக்கத்தில் அக்காள் புருஷனுக்கு அதுதான் சொல். பாவா பள்ளிப்பட்டில் பவர் லூம் மேஸ்திரியாக இருந்தவர். முப்பது வருடம் தறிச் சத்தத்தில் நின்றதால் காது மந்தம். பிறகு சர்க்கரை கண்ணில் இறங்கியது. நான் குடிவந்த வருடம் நிழல் தெரிந்தது. அடுத்த வருடம் அதுவும் போயிற்று.

அப்போதுதான் அக்கா படித்துக் காட்ட ஆரம்பித்தார். ஐந்து பாகம் கொண்ட ஒரு கற்காலக் கதை. சென்னையில் பழைய புத்தகக் கடையில் மொத்தமாக எடுத்தது. மனிதன் உழவும் நெய்யவும் தெரிந்துகொள்வதற்கு வெகு காலம் முன்பு, ஒரு சிறு கூட்டம் வற்றிய ஆற்றை விட்டுக் கிளம்பித் தெற்கே நடக்கிறது. கூட்டத்துக்கு மூத்தாள் என்ற பெண் தலைவி. கல்லை உடைக்கும்போது தெறிக்கும் துண்டின் பெயரை வைத்த ஒரு சிறுவன் இருந்தான், சில்லு. பாவாவுக்கு இந்தக் கதை பிடித்துப்போனதற்குக் காரணம், கூட்டம் நடக்கிற நிலம். செம்மண், உருண்டைக் கல், குகை. “நம்ம பூண்டி பக்கம்தான்யா. வேற எங்க?” என்பார். கண் நன்றாக இருந்த காலத்தில் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, கைக்கு அடக்கமாய் ஒருமுனை கூராக இருந்த ஒரு கல்லை எடுத்து வந்திருந்தார். கற்கால மனிதன் செதுக்கிய கல் என்பது அவர் கட்சி. அக்காவுக்கு அதில் மரியாதை இல்லை. “மசாலா அரைக்கக்கூட ஆவாது” என்பார். ஆனாலும் படிக்க உட்காரும்போது அதை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் புத்தகத்தைத் திறப்பார்.

அக்கா அலுவலகத்திலிருந்து வந்து காப்பி போட்டுக் கொடுத்து, ஆறு மணிக்குத் தொடங்கினால் ஏழு வரை படிப்பார். பாவாவின் காதுக்கு எட்டவேண்டும் என்பதால் உரக்கப் படிப்பார். செய்தி தட்டச்சு செய்துகொண்டே மாடியில் நானும் கேட்பேன். ஐந்து பாகமும் முடிய ஒன்றரை வருடம் ஆகும். முடிந்த மறுநாள் மீண்டும் முதல் பாகம். ஒரே கதையை இவர்கள் நான்கு முறை முடித்தார்கள். ஐந்தாவது முறை பாதியில் நின்றது.

படிப்பு வெறும் படிப்பாக இருக்காது. சண்டை நடக்கும். பாவாதான் தொடங்குவார்.

“ஏமே, போன தடவ இந்த எடத்துல கரடி வரலையே?”

“வந்துச்சு. நீ தூங்கிட்ட.”

“நானா?”

“பின்ன நானா? கொறட்ட சத்தத்துல கரடியே ஓடிடுச்சு.”

பாவா சிரிப்பார். நான் கீழே போனால் என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுவார். “கேட்டியாய்யா, ஒரே புக்கு. ஒவ்வொரு தடவையும் புதுசா ஒண்ணு வருது. இன்னா எழுத்தாளன்யா அவன்!”

நான் அந்தப் புத்தகங்களை ஒருமுறை இரவல் கேட்டேன். அக்கா தரவில்லை. “உனக்கு எதுக்குப்பா கத? நீ கெட்டியாப் போனத எழுதறவன். இது இன்னும் ஈரமா இருக்கிற விசயம்.” அவர் பெரிய வசனங்கள் பேசுகிறவர் அல்ல. அதனால் எனக்கு அது அப்படியே நினைவிருக்கிறது.

மாடியிலிருந்தே நான் தெரிந்துகொண்ட கதையில் ஓர் இடம் மறக்காது. இரண்டாம் பாகத்தில் சில்லுவுக்குக் காய்ச்சல் வருகிறது. நடக்க முடியாதவரைப் பாறை நிழலில், மூன்று நாளுக்கான நெருப்போடும் ஒரு கற்கோடரியோடும் விட்டுவிட்டுப் போவது கூட்டத்தின் சட்டம். விட்டுவிட்டுப் போகிறார்கள். ஆறு பெருகி வருகிறது. பாதி ஆற்றில் மூத்தாள் நின்றுவிடுகிறாள். திரும்பி வருகிறாள். மான்தோலில் பையனைச் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் கடக்கிறாள். கூட்டத்தின் சட்டம் அன்றோடு மாறுகிறது. நான்கு முறையும் இந்த இடத்தில் நான் தட்டச்சை நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கிறேன். நல்ல எழுத்து என்று நினைத்திருக்கிறேன்.

போன தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு, அலுவலக மேசையில் பேனாவை மூடி வைத்துவிட்டு அக்கா சாய்ந்தார். மூளையில் ரத்தக்கசிவு. திருவள்ளூர் கொண்டுபோகும் வழியில் உயிர் போயிற்று. வீட்டுக்குச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. பாவா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். “அக்கா இறந்துட்டாங்க பாவா” என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் “எங்க இருக்கா?” என்று கேட்டார். மருத்துவமனையைச் சொன்னேன். அவர் கேட்டது அதுதானா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போனபிறகு, ஆறு மணி ஆனால் பாவா கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருவதைப் பார்த்தேன். எதிரில் நாற்காலி காலி. நான்காம் நாளும் அப்படியே உட்கார்ந்தபோது, “நான் படிக்கட்டுமா பாவா?” என்று கேட்டேன்.

“உன் தொண்டைக்கு எட்டுமா?”

“கத்திப் படிக்கறேன்.”

“படி. ஆனா ஒழுங்கா படி. விட்டுட்டு விட்டுட்டுப் படிக்காத.”

ஒழுங்காகப் படிப்பது என்பது என் தொழில். அச்சில் உள்ளது எதுவோ அது. இரண்டாம் பாகத்தில், நாலாக மடித்த பிறப்புச் சான்று விண்ணப்பம் ஒன்று அடையாளமாக இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினேன். பாவாவுக்குத் திருப்தி. பத்து நாளில் பதினேழாம் அத்தியாயத்துக்கு வந்தோம். சில்லுவுக்குக் காய்ச்சல் வந்தது. பாறை நிழலில் விட்டார்கள். கூட்டம் ஆற்றில் இறங்கியது. அடுத்து மூத்தாள் நின்று திரும்பவேண்டும். எனக்கும் அந்த இடத்தைப் படிக்க ஆசையாகத்தான் இருந்தது.

அச்சில் இருந்தது இது: “மூன்றாம் நாள் மழை வந்தது. பாறைக்கடியில் நெருப்பு அணைந்தது. சில்லு விழித்திருந்தான், பிறகு விழிக்கவில்லை.”

வாய்க்கு ஒரு வரி முன்னால் கண் போகும். என்ன வருகிறது என்று எனக்கு முன்பே தெரிந்துவிட்டது. நிறுத்தியிருக்கலாம். இருமியிருக்கலாம். தண்ணீர் குடிக்க எழுந்திருக்கலாம். மூன்று வரியையும் உரக்க, திருத்தமாக, அவர் காதுக்கு எட்டும்படி படித்தேன்.

பாவா சிரித்தார். “தப்பா படிக்கிற. ரெண்டு பக்கம் சேத்துத் திருப்பிட்ட பாரு.”

பக்க எண்ணைப் பார்த்தேன். சரியாக இருந்தது. சொன்னேன்.

“திரும்பப் படி.”

மீண்டும் படித்தேன். அதே மூன்று வரி.

“மூத்தாள் வருவா. மான்தோலு. பாருய்யா, கீழ இருக்கும்.”

“இல்ல பாவா. அடுத்த அத்தியாயத்துல அவங்க அக்கரைக்குப் போயிட்டாங்க.”

“அப்ப மூணாம் பாகத்துல கரடிக்குட்டிய தூக்கிகினு வர்றது யாரு?”

மூன்றாம் பாகத்தை எடுத்தேன். சில்லு என்ற பெயரைத் தேடி அந்தப் பாகம் முழுவதும் புரட்டினேன். இல்லை. நான்காம் பாகத்தில் நெருப்புக் காவல் காப்பது யார் என்றார். இருந்தது வேறொருவன். ஐந்தாம் பாகத்தில் கல்யாணம் என்றார். அந்தப் பாகத்தில் கல்யாணமே இல்லை. ஒவ்வொரு முறையும் “இல்ல பாவா” என்றேன். நான்கு முறை சொல்லியிருப்பேன். நிறுத்த வேண்டும் என்று தோன்றாமல் போனதை இப்போது யோசித்துப் பார்க்கிறேன். கேட்டார், இருப்பதைச் சொன்னேன்.

கல்லைக் கையில் உருட்டினார். பிறகு சாதாரணக் குரலில் பேசினார்.

“நான் ஒரு நாளும் தூங்கலய்யா.”

மற்ற பாகங்களை ஓரமாக வைத்தேன்.

“தூங்கிட்ட தூங்கிட்டம்பாளே. நான் தூங்கல. அவ சேத்துச் சொல்றான்னு எனக்குத் தெரியும். தறியில ஒரு நூல் அந்துபோனா சத்தம் மாறும். பத்து தறி ஓடினாலும் எதுல அந்துதுன்னு சொல்லிடுவேன். அது மாதிரி அவ புக்க விட்டு வெளிய போனா குரல் மாறும். கொஞ்சம் மெதுவா வரும். கரடி வந்தப்பவும் மாறுச்சு. கல்யாணத்தப்பவும் மாறுச்சு. சரி, ஆசைக்கு ரெண்டு வார்த்த சேத்துக்கறா, சேத்துக்கட்டும்னு இருந்தேன்.”

“அப்ப…”

“மூத்தாள் திரும்பி வர்ற எடத்துல மாறலய்யா. நாலு தடவையும் மாறல. அப்படியே புக்குல இருக்கிற மாதிரி படிச்சா. அதனாலதான் நெனச்சேன். மத்ததெல்லாம் இவ சேத்தது, ஆனா பையன் பொழச்சது மட்டும் அச்சுல இருக்குன்னு.”

அவரே தொடர்ந்தார்.

“மொத தடவ படிச்சப்ப அஞ்சாம் பாகத்துல அவனுக்குக் கல்யாணம் இல்ல. கோடரி செதுக்கக் கத்துக்கினான். ரெண்டாவது தடவ தனியா வேட்டைக்குப் போனான். மூணாவது தடவ கூட்டத்துக்கு வழி காட்டினான். போன தடவதான் பொண்ணு வந்துது. நம்மது இருந்தா இப்ப இருவத்தெட்டுய்யா.”

அந்த வீட்டில் மகனைப் பற்றி ஒருவர் பேசி நான் கேட்டது அது ஒருமுறைதான். ஒன்பது வருடத்தில் ஒரு புகைப்படம் பார்த்ததில்லை.

“இந்தத் தடவ ஒரு கொழந்த வரும்னு பாத்துகினு இருந்தேன்” என்றார். “சரி. மூடிடு.”

மூடினேன். மூடும்முன் சில்லு விழிக்காத அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். மற்ற பக்கங்களில் எல்லாம் கீழ் ஓரம் விரல் பட்டுப் பழுப்பேறியிருந்தது. அந்த ஒரு தாள் மட்டும் கடையிலிருந்து வந்தபடி விரல் தடம் இல்லாமல் இருந்தது. முன்கூட்டியே ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். அதன்பிறகு அக்கா அதைத் தொட்டதே இல்லை. அதையும் முன் தாளையும் சேர்த்துத் திருப்பியிருக்கிறார். திருப்பும்போது, அந்தக் கொட்டகையில் சொன்ன அதே குரலில், புத்தகத்தில் இல்லாததைப் புத்தகத்தில் இருக்கிற மாதிரி சொல்லியிருக்கிறார். அந்தப் பொய்யை மெய்யாக்க யாரையும் எழுந்து நடக்கச் சொல்ல அவரால் முடியவில்லை. ஆற்றில் திரும்பி அவரே நடந்திருக்கிறார்.

அதன்பிறகு பாவா ஆறு மணிக்கு உட்காரவில்லை. கல் ஜன்னலில் இருந்தது. நான் கீழே போனால் சர்க்கரை அளவு, மாத்திரை, மின்சாரக் கட்டணம் இவற்றைப் பற்றிப் பேசினோம். கே.ஜி.கண்டிகையிலிருந்து சமைக்க வரும் பெண், அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று என்னிடம் முறையிட்டாள். “அண்ணே, நீங்க ஏதோ புக்கு படிச்சீங்களாமே, அன்னிலேர்ந்து இப்படித்தான். இன்னா படிச்சீங்க?” மூன்று வரி என்று சொன்னேன். அவள் நான் கேலி செய்கிறேன் என்று நினைத்தாள்.

அந்த மூன்று வரியை நான் திருப்பி எடுத்துக்கொள்ள முயன்றேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே போய், இரண்டாம் பாகத்துக்கு வேறொரு பதிப்பு இருக்கிறதாம், அதில் மூத்தாள் திரும்பி வருகிறாளாம் என்று சொன்னேன். பாவா என் பக்கம் திரும்பி, “உன் குரல் மாறுதுய்யா” என்றார். அத்தோடு விட்டுவிட்டேன்.

ஆடிக் கிருத்திகை வந்தது. கொட்டகையில் புதிதாக ஒரு பையன் மைக்கில் இருந்தான். கையில் எழுதி வைத்துக்கொண்டு தெளிவாகப் படித்தான். காணவில்லை, வயது ஆறு, மொட்டை, மஞ்சள் சட்டை. குறை சொல்ல முடியாது. எங்கள் வீடு அடிவாரத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஒலிபெருக்கி பாவாவின் காதுக்கே எட்டும். இரண்டாம் நாள் நான் மதியம் சாப்பிட வந்தபோது பாவா வாசல் கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன். அப்போதும் கேட்டது. காணவில்லை. காணவில்லை.

“மூணாம் பாகம் எடு” என்றார்.

“இப்பவா பாவா?”

“கத்திப் படி. அது கேக்காத மாதிரி.”

கல்லை எடுத்துக் கையில் கொடுத்தேன். படிக்க ஆரம்பித்தேன். நான்காவது பக்கத்தில் ஓரத்தில் ஒரு பென்சில் புள்ளி இருந்தது. முன்பு சில்லுவைத் தேடிப் புரட்டியபோதும் அதைப் பார்த்திருக்கிறேன். பெயரைத் தேடிய கண், புள்ளியை எண்ணவில்லை. மூச்சு விடுவதற்காக வைத்த அடையாளம் என்று நினைத்திருந்தேன். இன்னும் இரண்டு பக்கம் தள்ளி, கூட்டம் ஒரு குகையில் தங்கும் இடத்தில் இன்னொரு புள்ளி. அதற்கு அடுத்தது காட்டில் ஒரு கரடி செத்துக் கிடக்கும் இடம். கதையில் குட்டியைப் பற்றிப் பேச்சில்லை. அக்காவின் சில்லு அதைத் தூக்கும் இடத்தில் ஓரத்தில் புள்ளி இருந்தது. சில புள்ளிகள் மங்கியிருந்தன, சில புதிதாக இருந்தன.

படிப்பை நிறுத்தினேன்.

“இன்னா?”

“அக்கா புள்ளி வெச்சிருக்காங்க பாவா. பென்சில்ல. கரடி செத்துக் கெடக்குதில்ல, அந்த எடத்துல.”

அவர் கையை நீட்டினார். விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். பென்சில் புள்ளி விரலுக்குத் தெரியாது. ஆனாலும் அங்கேயே வைத்திருந்தார். பிறகு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். குட்டியை எப்படித் தூக்கினான், எங்கே கொண்டுபோனான், திரும்பத் திரும்பக் கேட்டவர் அவர். உதடு அசைந்தது.

“எனக்கு வர்ல” என்றார். “கேக்கத்தான் தெரியும். நீ சொல்லேன்.”

நானும் மாடியிலிருந்து கேட்டவன்தான். ஒவ்வொரு வார்த்தையும் நினைவில் இருந்தது. அவற்றைச் சொன்னால் என் குரல் மாறும், அது அவருக்குக் கேட்கும். வெளியே ஒலிபெருக்கி ஒரு சிறுமியின் வயதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

“இங்கதான் இருக்கான் பாவா” என்றேன்.

அவர் கல்லை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“ஆங்” என்றார். “மேல படி.”

படித்தேன். அடுத்த புள்ளி வந்தபோது நிறுத்தி, அதையே சொன்னேன். ஆங் என்றார். மூன்றாம் பாகத்தில் மொத்தம் நாற்பத்திரண்டு புள்ளிகள் இருக்கின்றன. நான்கில் அதைவிட அதிகம். ஐந்தாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில், கதை முடிந்த இடத்துக்குக் கீழே, ஒரு புள்ளியும் அதற்குப் பக்கத்தில் அதைவிடச் சிறிதாக இன்னொரு புள்ளியும் இருக்கிறது. அந்தப் பக்கத்துக்கு நாங்கள் இன்னும் வரவில்லை.